தப்பாக ஓட வேண்டிய கடிகாரம்

என்னால் மாற்ற முடியாத அளவு கிடையாது. இஞ்ச் கொடுத்தால் மில்லிமீட்டர் சொல்வேன், மில்லிமீட்டர் கொடுத்தால் நூல் சொல்வேன், குழி கொடுத்தால் சென்ட் சொல்வேன். பேப்பர் வேண்டாம், பேனா வேண்டாம். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். பரீட்சை எழுதியிருந்தால் முதல் மார்க் எனக்குத்தான் என்பதில் இன்றைக்கும் சந்தேகமில்லை. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு பழைய லேத்தோடு தொடங்கி, தொண்ணூறுகளில் மூன்று லேத்தும் ஒரு மில்லிங் மெஷினுமாக ஆக்கினேன். அச்சரப்பாக்கம் வரைக்கும் எந்த ரைஸ் மில்லில் ஷாஃப்ட் தேய்ந்தாலும் என் பட்டறைக்குத்தான் வரும். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் பட்டறைக்கு ஒரு டீச்சர் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரை ரோட்டில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுப்பவர். வீட்டுக்காரருக்கு அணு ஆராய்ச்சியில் உத்தியோகம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். சாவி கொடுத்து ஓட்டுகிற, ஊசல் ஆடுகிற பழைய கடிகாரம்.

"அண்ணாச்சி, இது சரியா ஓடுது," என்றார்.

"அப்புறம் எதுக்குமா இங்க எடுத்தாந்தீங்க?"

"இதைத் தப்பா ஓட வைக்கணும்."

முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். டீச்சர் ஒன்றரை வருஷமாகத் தன் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரு கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துக் குழியாக்கி, அதை வைத்து ஒரு டெலஸ்கோப் செய்திருந்தார். பள்ளி மொட்டை மாடியில் சும்மா கிடந்த ஒரு அறையில், கூரைத் தகரத்தை நகர்த்தித் திறக்கிற மாதிரி செய்து, அதை வைத்திருந்தார். பள்ளித் தாளாளருக்கு அந்த அறை வேண்டும். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்க இடமில்லையாம். மீட்டிங்கில் பேச்சு வளர்ந்து, டீச்சர் வாயை விட்டுவிட்டார்: பகல் வெளிச்சத்திலேயே நட்சத்திரம் காட்டுகிறேன் சார். தாளாளர் சிரிக்கவில்லை. டைரியைப் பார்த்து ஒரு நாள் குறித்தார். மாசி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாஸ்டல் பிரேயர் பெல் அடிப்பதற்குள் காட்ட வேண்டும். காட்டினால் அறை டீச்சருக்கு. இல்லையென்றால் பெஞ்சுக்கு.

"காட்டலேன்னா டெலஸ்கோப் எங்க போவும்?" என்றேன்.

"எங்க குவார்ட்டர்ஸ்ல கட்டிலுக்கு அடியில. அங்க இருந்து வானம் தெரியாது அண்ணாச்சி. அவர் பேச்சு மாறவே மாட்டார். பெல் ஒரு நிமிஷம் லேட்டானா வாட்ச்மேனை நிக்க வச்சுக் கேள்வி கேப்பார்."

கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. அது இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் குழாயை அங்கே திருப்பி வைக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு நட்சத்திரங்களின் நேரத்தில் ஓடுகிற கடிகாரம் வேண்டும். நமக்கு ஒரு நாள் என்றால் இருபத்து நான்கு மணி. நட்சத்திரத்துக்கு இருபத்து மூன்று மணி, ஐம்பத்தாறு நிமிடம், நாலு செகண்ட். நேற்று இருந்த இடத்துக்கு இன்றைக்குக் கிட்டத்தட்ட நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஆகவே அந்தக் கடிகாரம் தினம் நாலு நிமிடம் முந்தி ஓட வேண்டும்.

டீச்சர் இதை நோட்டில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் கண் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டருக்குப் போய்விட்டது. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டு, தாளின் அடியில் ஒரு வரி இருக்கும். அன்றைக்கு மகர லக்ன இருப்பு, அதாவது சூரியன் உதித்த பிறகு அந்த லக்னம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் என்பது, இத்தனை நாழிகை, இத்தனை விநாடி. முகூர்த்தம் பார்க்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். நான் தினம் தாள் கிழிக்கிறவன். அந்த இருப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். சில மாதம் ஒன்பது விநாடி, சில மாதம் பதினொன்று, பொதுவாகப் பத்து.

"டீச்சர், பத்து விநாடின்னா எவ்ளோ?"

"பத்து செகண்டா?"

"இது நம்ம விநாடி. அறுவது விநாடி ஒரு நாழிகை. ஒரு நாழிகைக்கு இருவத்துநாலு நிமிசம். பத்து விநாடின்னா நாலு நிமிசம்."

டீச்சர் நோட்டை மூடிவிட்டார். எழுந்து போய்க் காலண்டரில் மேல் தாளைத் தூக்கி அடுத்த நாளைப் பார்த்தார். அதற்கடுத்த நாளையும் பார்த்தார். விரலால் கழித்தார்.

"வருஷம் முழுக்கக் குறைஞ்சதைக் கூட்டினா?" என்றார்.

"அறுவது நாழிகை. ஒரு முழு நாள்."

"எம்.எஸ்ஸி. படிச்சேன் அண்ணாச்சி. இது என் வீட்டுச் சுவத்துலயும் தொங்குது. நான் ராகு காலத்தோட நிறுத்திட்டேன்."

இந்த வார்த்தைக்காகவே நான் அந்த வேலையை எடுத்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

வேலை இரண்டு. முதல் வேலை, டெலஸ்கோப் திரும்புகிற அச்சில் மாட்ட ஒரு வட்டத் தகடு. அதில் இருபத்து நான்கு மணிக் கோடுகள் போடச் சொல்லியிருந்தார். என் மில்லிங் மெஷின் வட்டத்தைப் பாகையாகத்தான் பிரிக்கும். நானும் முன்னூற்று அறுபது பாகை போட்டுக் கொடுத்துவிட்டேன். "மணியைப் பதினஞ்சால பெருக்கித்தான் பாகை எடுக்கணும், பரவாயில்ல," என்றார் டீச்சர். நான் பதினைந்துக்குப் போகவில்லை. அறுபது நாழிகைக்கு முன்னூற்று அறுபது பாகை என்றால் நாழிகைக்கு ஆறு. ஆறாம் வாய்ப்பாடு போதும். அது எனக்குத் தெரிந்த வாய்ப்பாடு.

இரண்டாவது வேலை கடிகாரம். ஊசலைக் குட்டையாக்கினால் கடிகாரம் வேகமாக ஓடும். குண்டுக்குக் கீழே இருக்கிற மரையைத் திருகினால் குண்டு மேலே ஏறும். தினம் நாலு நிமிடம் முந்த எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இஞ்சில் எட்டில் ஒன்று ஒரு நூல்; இது அரை நூல்கூட இல்லை. ஷாஃப்டில் நூலில் பத்தில் ஒரு பங்கு பார்க்கிற எனக்கு இது ஒரு வேலையா? ஒரு வாரத்தில் தருகிறேன் என்று அனுப்பினேன்.

பட்டறையில் கடிகாரம் மாட்ட ஆணி ஒன்றுதான். எங்கள் பழைய கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீச்சர் கடிகாரத்தை மாட்டினேன். குண்டை ஏற்றினேன். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால், நாலு நிமிடம் முந்தியிருக்க வேண்டியது நாலைந்து செகண்ட்கூட முந்தவில்லை. சரி, பழைய கடிகாரம், பிடிவாதம் இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஏற்றினேன். சனிக்கிழமை பார்த்தால் குண்டு மரையின் உச்சிக்கே போய்விட்டது. இனிமேல் கம்பியை அறுக்க வேண்டியதுதான் என்று ஹாக்ஸா பிளேடைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அன்றைக்கு ஒரு அவசர ஷாஃப்ட் வந்தது. பிளேடைக் கீழே வைத்தேன்.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை நானே பட்டறையைத் திறந்தேன். கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கமாகப் பட்டறையைத் திறக்கிறவர், லேத் ஓட்டுகிற என் டர்னர். என்னைவிட ஒரு வயது சின்னவர். அவருடைய அப்பா அம்மா அச்சரப்பாக்கத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர் என்னோடு முதல் லேத்திலிருந்து இருக்கிறார். அன்றைக்கு நேராக ஒரு மில்லுக்கு அளவெடுக்கப் போய்விட்டுப் பதினோரு மணிக்குத்தான் வந்தார்.

"யோவ், இந்தக் கடியாரத்த நீ தொட்டியா?"

"தொடாம? டெய்லி காலைல கடைய தொறந்ததும் ரேடியோல மணி சொல்லச்சொல்ல திருப்பி வச்சிடுவேன். இருவது வருசமா அதான செஞ்சிகினு கீறேன்."

"அது நம்ம கடியாரம்யா. இது டீச்சர் கடியாரம்."

"ஆணி நம்மளுதுதான அண்ணாத்த? இந்த ஆணில எது தொங்கினாலும் நான் மணி வச்சிடுவேன். அதுவும் இது சுத்த பேஜாரு. தெனம் கூடகூட ஓடுது. கஸ்டமரு பாத்தா உன்ன இன்னா நெனப்பான்? அதான் நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"இது தப்பா ஓடணும்யா. ஓட விடு."

"நாஸ்தா துன்னியா இல்லியா நீ?"

காலண்டரைக் காட்டி, நட்சத்திரத்தின் நாள் கணக்கை முழுசாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப நட்சத்திரம் தெனம் நாலு நிமிசம் முன்னாடியே ஷிஃப்ட் முட்ச்சிட்டு கெளம்பிடுது. அத்த யாரும் கேக்கறதில்ல. நான் அஞ்சு நிமிசம் முன்னாடி கை கழுவினா மட்டும் கேப்ப."

குண்டை மறுபடி பழைய இடத்துக்கு இறக்கி, அரை நூலுக்கும் குறைவாக ஏற்றி, டர்னரைக் கடிகாரத்துக்கு நாலடி தூரத்தில் நிற்க வைத்தேன். தினம் எவ்வளவு முந்தியது என்று அவரே சுவரில் சாக்பீஸால் எழுதினார். பத்து விநாடி. பத்து விநாடி. பத்து விநாடி. முதல் தடவையே நான் சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நானும் டர்னரும் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். மொட்டை மாடி அறையில் மாட்டினோம். டீச்சர் யாரோ ஒரு ஆபீசரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிய அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து நட்சத்திர மணியைக் கணக்குப் போட்டார். என் கைக்கடிகாரத்தில் சரியாக ஆறு மணி ஆனபோது அதில் நாலு பதின்மூன்று வைத்தார். மாமல்லபுரத்து லைட் ஹவுஸைப் பார்த்து டெலஸ்கோப்பின் கூர்மையைச் சரி செய்து, அந்தத் திருகைத் தொடக்கூடாது என்று நூலால் கட்டினார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை நான் கஞ்சி போட்ட வேட்டியில் போனேன். ஒரு மாதிரி என் கல்யாணத்துக்குப் போவதுபோல்தான் இருந்தது. டர்னரும் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். மாடி ஏறும்போது ஐந்து நாற்பது. அறைக்குள் டீச்சர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

கடிகாரமும் ஐந்து நாற்பது காட்டியது.

அது காட்ட வேண்டியது மூன்று ஐம்பத்தேழு. நான் டர்னரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பாக்காத அண்ணாத்த. சத்தியமா தொடல. ஆணி நம்மளுது இல்லியே."

பின்னாலிருந்து தாளாளரின் குரல் வந்தது. வெள்ளை முழுக்கை சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. சீக்கிரமே வந்து பார்வையிட்டிருக்கிறார்.

"அந்தக் கடிகாரமா? ஒன்றே முக்கால் மணி நேரம் ஸ்லோ. நானே திருத்தி வச்சேன். பள்ளிக்கூடத்துல ஒரு கடிகாரம் இப்படி ஓடலாமா? யார் ரிப்பேர் பண்ணது?"

டர்னர் என்னைப் பார்த்த பார்வையில், இருபது வருஷம் கழித்துத் தன்னைப் போல் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. சொன்னால் சாக்கு என்பார் என்று பயந்து, தாளாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நின்று உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட ஆரம்பித்தார். மார்ச் இருபத்தொன்றிலிருந்து பின்னால் இத்தனை நாள், நம் ஊர் தீர்க்கரேகைக்கு இத்தனை நிமிடம். கை வியர்த்து மை கரைந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். தாளாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மணி அடிக்கிற வாட்ச்மேன் தலையைத் தூக்கி, அவருடைய கையசைப்புக்குக் காத்திருந்தார். ஐந்து ஐம்பது.

"டீச்சர், நேத்து ஆறு மணிக்கு இதுல இன்னா வச்சீங்க?" என்றேன் மெதுவாக.

"நாலு பதிமூணு."

"அப்ப இன்னிக்கு ஆறு மணிக்கு?"

பேனா நின்றது.

"நாலு பதினேழு," என்றார். "அட, ஆமா அண்ணாச்சி."

"நாம குழாய திருப்பி முடிக்கச்சொல்ல ஆறுக்கு எட்டு நிமிசம் இருக்கும். எட்டு போனா நாலு ஒம்போது. உங்க நட்சத்திரத்துக்கு இன்னா மணி?"

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மணி உண்டு. நட்சத்திரக் கடிகாரம் அந்த மணியைக் காட்டும்போது அது உச்சிக் கோட்டில் நிற்கும். அன்றைக்கு நாங்கள் தேடியது சிரியஸ். திருவாதிரைக்குக் கீழே பளீரென்று இருக்குமே, அந்த வெள்ளை நட்சத்திரம்.

"ஆறே முக்கால்."

ஆறு நாற்பத்தைந்தில் நாலு ஒன்பது போனால் இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். நூற்று ஐம்பத்தாறு நிமிடம். இருபத்து நாலால் வகுத்தால் ஆறரை நாழிகை. ஆறாறு முப்பத்தாறு, அரைக்கு மூன்று.

"முப்பத்தொம்பது பாகை," என்றேன்.

இதை எழுத எனக்கு ஐந்து வரி ஆனது. சொல்ல ஒரு மூச்சு கூட ஆகவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற என் மருமகன், இந்தக் கணக்கை மெஷினில் போட்டுப் பார்த்தார். முப்பத்தொன்பதுதான் வந்தது. மெஷின் எழுந்து உட்காரவே நான் கணக்குப் போட்டதைவிட அதிக நேரம் பிடித்தது.

நானே போய்க் குழாயைப் பிடித்து, என் தகட்டில் முப்பத்தொன்பதுக்குத் திருப்பினேன். டீச்சர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, அது மேற்கு. நட்சத்திரம் இன்னும் உச்சிக்கே வரல. கடல் பக்கம் திருப்பணும்."

"உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன் டீச்சர்," என்றேன். டர்னர் இருமினார்.

கிழக்கே முப்பத்தொன்பது. தெற்கே சாய்மானம் பதினாறே முக்கால், அதை டீச்சரே வைத்தார். கண் வைத்துப் பார்த்தார். வெளியே வானம் நல்ல நீலம். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நீலத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும் என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நாஸ்தா சாப்பிட்டாயா என்று நானும்தான் கேட்டிருப்பேன்.

ஒரு நிமிடம் போயிற்று. டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. குழாயை விரல் நுனியால் ஒரு நூல் மேலே தள்ளினார். ஒரு நூல் இந்தப் பக்கம். தாளாளர் செருப்பைத் தேய்த்தார். ஐந்து ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.

டீச்சர் கண்ணை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. போச்சு என்றுதான் நினைத்தேன்.

"சார், வாங்க," என்றார்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நகருதே," என்றார். டீச்சர் குழாயை லேசாகத் தட்டி மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். "நாமதான் சார் நகர்றோம்." அவர் இன்னும் குனிந்தார். கீழே வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கையசைப்பு வரவில்லை. ஆறு மணி ஆயிற்று, பெல் அடிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று குசுகுசுத்தார்கள். தாளாளர் நிமிர்ந்து வெளியே கையைக் காட்டியபோது என் கைக்கடிகாரத்தில் ஆறு நாலு. மூன்று நிமிடம் ஐம்பத்தாறு செகண்ட் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நாலு நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பெஞ்சை சைக்கிள் ஷெட்ல போடச் சொல்றேன்," என்றார் தாளாளர். அவ்வளவுதான். டீச்சர் டெலஸ்கோப் குழாயில் கையை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று ஆண்களும் கடலைப் பார்த்தோம்.

டர்னருக்குத்தான் பொறுக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டி, "சார், அத்த மறுபடி தப்பா வச்சிடலாமா?" என்று கேட்டார்.

டீச்சர் விளக்கினார். தாளாளர் முழுவதும் கேட்டுவிட்டுத் தானே ஸ்டூலில் ஏறி, டீச்சர் சொன்ன மணிக்கு முள்ளைத் திருப்பினார். வாழ்நாளில் ஒரு கடிகாரத்தைத் தெரிந்தே தப்பாக வைத்தது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இறங்கியதும், கை தானாகத் திருத்திவிடும், ஏதாவது எழுதி ஒட்டுங்கள் என்றார். அடுத்த வாரம் நான் பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டி அனுப்பினேன்: இந்தக் கடிகாரத்தைச் சரி செய்யக் கூடாது. டர்னர் தனக்கும் ஒன்று கேட்டார். அவர் லேத்துக்கு மேலே மாட்டிக்கொள்ளவாம்.

பங்குனி பத்து வாக்கில் ஒரு நாள் பட்டறைக்குப் போன் வந்தது. தாளாளர்தான். குரலில் கவலை.

"உங்க கடிகாரம் கெட்டுப்போச்சுங்க. நான் தொடவே இல்ல. இன்னைக்குச் சரியான நேரம் காட்டுது."

ஸ்லோவாக இருந்த ஒன்றே முக்கால் மணியை, தினம் பத்து விநாடியாகத் தின்று தின்று, அன்றைக்கு நம் மணியை வந்து பிடித்திருந்தது. முகத்தில் பன்னிரண்டு மணிதான் என்பதால் பங்குனியில் ஒரு நாள், புரட்டாசியில் ஒரு நாள், வருஷத்துக்கு இரண்டு தரம் அப்படி ஆகும்.

"ஒண்ணும் பண்ணாதீங்க சார்," என்றேன். "நாளைக்குத் தானா தப்பாயிடும்."